தேய்மானத்தை வென்றவர்

1953-இல் வெளிவந்த 'ஜெனிவீவ்' என்னும் ஆங்கில நகைச்சுவைத் திரைப்படத்தின் பெயர், உண்மையில் ஒரு காரின் பெயர். 1904-ஆம் ஆண்டைச் சேர்ந்த டராக் வண்டி அது. லண்டனிலிருந்து பிரைட்டன் வரை செல்லும் பழங்கார் அணிவகுப்பில் கலந்துகொண்ட நண்பர்கள் இருவர், பந்தயம் கட்டிக்கொண்டு லண்டனுக்குத் திரும்புகின்றனர். ஐம்பது வயதை நெருங்கும் வண்டியை ஓடவைப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

நம் நாட்டிலோ பழைய வண்டியை ஓடவைப்பது பிழைப்பு. அந்தப் பிழைப்பைப் பெருந்தொழிலாக உயர்த்தியவர் டி.வி. சுந்தரம் ஐயங்கார். பெயரின் முதலெழுத்து குறிப்பது அவர் பிறந்த திருக்குறுங்குடியை. நான் வாழும் தென்காசிக்குத் தெற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள திவ்யதேசம் அது.

1877-இல் பிறந்த அவர் தந்தையின் விருப்பப்படி வழக்குரைஞரானார். பின்னர் ரயில்வேயிலும் வங்கியிலும் பணியாற்றினார். நிலையான வருவாயை விட்டுவிட்டு, 1912-இல் மதுரையில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கினார். மாட்டுவண்டிகளே சாலையை ஆண்ட காலம் அது.

அன்று மோட்டார் வண்டி மட்டுமல்ல, அதன் உதிரிபாகமும் கடல் கடந்தே வரவேண்டும். நின்றுவிட்ட பேருந்து வருவாய் தராது. ஆனால் அதில் போட்ட முதலுக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். எனவே வண்டியை ஓட்டுவதோடு பேணுவதும் அவருடைய தொழிலாயிற்று. சதர்ன் ரோடுவேஸின் பேருந்துகளும் லாரிகளும் ஓடின. சுந்தரம் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றது. மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸும் உருவாயிற்று. தேய்ந்த டயருக்குப் புதிய மேற்பரப்பு ஒட்டும் 'ரீட்ரெடிங்' ஆலையையும் அவர் நிறுவினார்.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது கரியை எரித்துப் பெறும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை அவருடைய நிறுவனம் தயாரித்து அளித்தது. முதியவர்கள் இன்றும் நினைவுகூரும் 'கரி பஸ்' அந்தக் காலத்துக்குரியது. 1955-இல் அவர் மறைந்தபோது, தென்னாட்டின் மோட்டார் தொழிலுக்கு உறுதியான அடித்தளம் அமைந்திருந்தது.

கல்லூரியில் பல்லாண்டுகள் நான் தேய்மானத்தைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு என்று கழித்துக்கொண்டே வந்தால், ஒருநாள் இயந்திரத்தின் மதிப்பு சுழியமாகிவிடும். அது கணக்கேட்டின் உண்மை. பணிமனையின் உண்மை வேறு. உரிய நேரத்தில் போடும் எண்ணெயும் மாற்றும் உதிரிபாகமும் ஓர் இயந்திரத்தின் ஆயுளை நீட்டிக்கும். மூலதனம் அரிதான நாட்டில் பராமரிப்பும் ஒருவகை முதலீடே என்பதைச் சுந்தரம் ஐயங்காரின் வாழ்க்கை எந்தப் பாடநூலையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசிச் சாலையில் புத்தம்புதிய கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன. அவற்றின் இடையே சிக்கி, ஒழுகும் கூரையோடு ஊர்ந்து வருகிறது பேருந்து. கார் வாங்க இயலாதவரும் அருவியைக் காண வருவது அதில்தான். புதிய பேருந்துகளின் தொடக்க விழாவுக்குக் காட்டும் ஆர்வத்தில் பாதியையேனும் அவற்றின் பராமரிப்புக்குக் காட்டினால், அந்த ஏழைப் பயணி நனையாமல் வந்து சேர்வார். மழையில் நனைவது அருவியின் கீழ் மட்டும் போதும்.