ஆயி

ஆயி என்பவர் 16ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியை அடுத்த முத்திரையர்பாளையத்தில் வாழ்ந்ததாகக் கூறப்படும் கணிகை ஆவார். புதுச்சேரி பாரதி பூங்காவிலுள்ள ஆயி மண்டபம் இவர் பெயரால் அமைந்தது.

வாழ்க்கை

இவரைப் பற்றிக் கிடைப்பவை பெரும்பாலும் செவிவழிச் செய்திகளே. அவற்றின்படி, விசயநகரப் பேரரசர் கிருட்டிணதேவராயர் (ஆட்சி: 1509–1529) இவ்வழியே சென்றபோது, விளக்கொளியில் திகழ்ந்த மாளிகை ஒன்றைக் கோயில் எனக் கருதி வணங்கினார். அது கணிகையின் இல்லம் என அறிந்ததும் சினந்து, அதனை இடிக்க ஆணையிட்டார். தவறாக எண்ணியவர் மன்னர். வீட்டை இழந்தவர் ஆயி. தானே இடிப்பதாக வேண்டி இசைவு பெற்ற அவர், வீடு இருந்த இடத்தில் ஊருக்காகக் குளம் வெட்டுவித்தார்.

நகருக்கு நீர்

பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் (1852–1870) புதுச்சேரி நகரில் நல்ல குடிநீருக்குத் தட்டுப்பாடு நிலவியது. பொறியாளர் லாமரெசு, முத்திரையர்பாளையத்திலிருந்து வாய்க்கால் வழியே நீரைக் கொணர்ந்தார். அவ்வூர், கடலோர நகரைவிட மேடானது.

நீர் அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்திற்கு ஓடும் என்று பாடங்களில் படிப்பது முழு உண்மையன்று. குளத்தின் அடியில் அழுத்தம் மிகுதி; எனினும் அடிநீர் மேலெழுவதில்லை. உயரம், அழுத்தம், வேகம் ஆகிய மூன்றாலும் அமையும் மொத்த ஆற்றல் எங்கு மிகுதியோ, அங்கிருந்தே நீர் ஓடும். திறந்த வாய்க்காலின் இரு முனைகளிலும் நீர்ப்பரப்பின் மீதுள்ள வளியழுத்தம் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே ஓட்டத்தைத் தருவது உயர வேறுபாடு; அதில் ஒரு பகுதி உராய்வில் செலவாகும்.

ஆயியின் கதையைக் கேட்ட பேரரசர், அவர் நினைவாக மண்டபம் எழுப்பச் செய்தார் என்பர். வெண்ணிறமான இம்மண்டபம் புதுச்சேரி அரசின் சின்னத்தில் இடம்பெற்றுள்ளது.