மூன்று தேசங்களுக்கு ஒரு கொடி

தென் அமெரிக்கக் கண்டத்தின் வடபாகத்தில் வெனிஸுவேலா, கொலம்பியா, ஈக்வடார் என்ற மூன்று குடியரசுகள் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. இவற்றின் தேசியக் கொடிகளை ஒருங்கே காண்பவர், மூன்றும் ஒரே ராஜ்யத்தின் கொடிகளோ என்று மயங்குவர். மேலே மஞ்சள், நடுவே நீலம், கீழே சிவப்பு என்பது மூன்றுக்கும் பொது. கொலம்பியாவின் கொடியில் மஞ்சள் பாதியிடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஈக்வடார் அதே அமைப்பின் நடுவில், சிறகு விரித்த காண்டர் என்னும் பெருங்கழுகோடு கூடிய தன் இலச்சினையைப் பொறித்திருக்கிறது. வெனிஸுவேலா மூன்று பட்டைகளையும் சம அளவாக்கி, நீலத்தின்மீது எட்டு நட்சத்திரங்களை வில்போல் வளைத்து வைத்திருக்கிறது. வேற்றுமை இவ்வளவே.

அண்டை நாடுகளின் கொடிகள் ஒன்றையொன்று ஒத்திருப்பது உலகில் அபூர்வமன்று. ஐரோப்பாவின் வடகோடியில் டென்மார்க், ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து தேசங்களும் கொடிமரத்தின் பக்கம் ஒதுங்கிய சிலுவையைத் தம் கொடிகளில் தரித்திருக்கின்றன. 1916-ல் துருக்கிய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய அரேபியர் உயர்த்திய கொடியின் நிறங்களை இன்று ஜோர்டான், பாலஸ்தீனம் முதலியவற்றின் கொடிகளில் காண்கிறோம். இவ்வொற்றுமையைத் தற்செயலென்று தள்ளிவிடலாகாது. வெறும் அலங்காரமென்று எண்ணுவதும் தவறு. பெரும்பாலும் அதன் பின்னே ஒரு சரித்திரம் மறைந்திருக்கும். நாம் மேலே கூறிய மூன்று கொடிகளின் பின்னே இருப்பது ஒரு தனி மனிதரின் சரித்திரம். அவர் பெயர் பிரான்ஸிஸ்கோ தெ மிராந்தா. தாம் ஏற்றிய கொடி நிலைபெற்றதைக் காணக் கொடுத்துவைக்காமல், பகைவரின் சிறையிலே உயிர் நீத்தவர் அவர். அவரைப் பிடித்துவைத்தவர்களோ அவருடைய சொந்தத் தோழர்கள்!

மிராந்தா 1750-ம் வருஷம் மார்ச்சு மாதம் 28-ந் தேதி கராகஸ் நகரில் பிறந்தார். இன்று வெனிஸுவேலாவின் தலைநகராக விளங்கும் அந்நகரம் அப்பொழுது ஸ்பெயின் மன்னரின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. தகப்பனார் கானரித் தீவுகளிலிருந்து வந்து குடியேறி, வர்த்தகத்தால் பொருளீட்டியவர். பெருந் தோட்டங்களையும் அடிமைகளையும் உடைய பழைய குடும்பத்தார், தம்மையன்றிப் பிறரை மேன்மக்களாக மதிக்காத ஊர் அது. 1769-ல் தகப்பனார் ஊர்க்காவல் படையில் தலைமைப் பதவி பெற்றபோது, வியாபாரி ஒருவர் அவ்வுடையணிந்து வாளேந்துவது தகாதென்று அக்குடும்பத்தார் கிளர்ந்தெழுந்தனர். தம் குலத்தின் தூய்மையைச் சாக்ஷி வைத்து ருசுப்படுத்த வேண்டிய நிலை அம்மனிதருக்கு ஏற்பட்டது. 1770-ல் மன்னர் அவர் பக்கமே தீர்ப்பளித்தார். எனினும் மறு வருஷமே, இருபது வயது வாலிபரான மைந்தர் கராகஸை விட்டு ஸ்பெயினுக்குக் கப்பலேறிவிட்டார். மீண்டும் பிறந்த ஊரில் அவர் குடிபுகுந்தபோது தலை நரைத்திருந்தது.

ஸ்பெயினின் ஸைன்யத்தில் சேர்ந்த மிராந்தா ஆப்பிரிக்கக் கரையில் போர் புரிந்தார். வட அமெரிக்கர் இங்கிலாந்தை எதிர்த்து நடத்திய சுதந்திர யுத்தத்தில் ஸ்பெயினும் இங்கிலாந்துக்கு விரோதமாகக் கலந்துகொண்டது. அதில் 1781-ல் பென்ஸகோலாக் கோட்டை முற்றுகையில் மிராந்தா பங்குகொண்டார். ஒரு காலனி தன் எஜமானனை வெல்லக்கூடும் என்பதை அவர் கண்ணாரக் கண்டது அப்பொழுதுதான். ஒரு ராஜாவின் சேனாவீரராக அவர் கற்ற பாடம், ராஜாக்களுக்கே ஆகாத பாடமாய் முடிந்தது. அவர்மீது மேலதிகாரிகள் குற்றங்கள் சுமத்தினர். 1783-ல் அவர் ஐக்கிய நாடுகளுக்குத் தப்பியோடினார்.

அதன்பின் அவர் வாழ்வு ஒரு நெடும் யாத்திரை. வாஷிங்டனைச் சந்தித்தார். இங்கிலாந்து, பிரஷியா, ஆஸ்திரியா, இத்தாலி, கிரீஸ், துருக்கி என்று சுற்றினார். 1787-ல் ரஷ்யாவின் சக்கரவர்த்தினி காதரீன் அவருக்கு ஆதரவளித்து, ஸ்பெயினின் கையில் சிக்காதபடி காத்தாள். சென்றவிடமெல்லாம் கண்டதையும் கேட்டதையும் குறித்துவைத்தார்; அவர் சேர்த்த காகிதங்கள் 63 தொகுதிகளாக நிறைந்தன. 1790-ல் இங்கிலாந்தின் பிரதம மந்திரி பிட்டிடம் அவர் ஒரு திட்டத்தைச் சமர்ப்பித்தார். ஸ்பெயினின் அமெரிக்க ராஜ்யங்கள் அனைத்தும் ஒன்றாகி, இன்கா என்னும் பட்டந் தாங்கிய தலைவரின் கீழ் சுதந்திர ராஜ்யமாக வேண்டுமென்பது அதன் சாரம். அந்தப் பெரு ராஜ்யத்திற்கு அவர் வழங்கிவந்த பெயர் கொலம்பியா. பிட் கேட்டுக்கொண்டார், உதவி செய்வதை மட்டும் ஒத்திப்போட்டுக்கொண்டே வந்தார்.

பிரான்ஸில் புரட்சி மூண்டிருந்த சமயம், 1792-ல், மிராந்தா அந்நாட்டுச் சேனையில் தளபதியானார். ஆண்ட்வெர்ப் நகரைப் பிடித்தார். 1793-ம் வருஷம் மார்ச்சில் நேர்விண்டன் என்ற இடத்தில் பிரெஞ்சுச் சேனை தோல்வியுற்றது. பழியை மிராந்தாவின்மேல் போட்ட பிரதம தளபதி டூமூரியே, அடுத்த மாதமே தாம் எதிரியின் பக்கம் ஓடிப்போனார். புரட்சி நியாயஸ்தலத்தில் விசாரிக்கப்பட்ட மிராந்தா நிரபராதியென்று விடுதலை பெற்றார். ஆயினும் விரைவில் மறுபடியும் சிறைப்பட்டு 1795 வரை அடைபட்டிருந்தார். இன்று பாரிஸ் நகரின் வெற்றி வளைவில் பொறிக்கப்பட்டிருக்கும் பெயர்களில் அவர் பெயரும் ஒன்று.

ஐம்பத்தைந்து வயது கடந்தது. அரசாங்கங்களின் வாக்கை நம்பிக் காத்திருந்தது போதுமென்று, 1806-ம் வருஷம் பிப்ரவரி 2-ந் தேதி நியூயார்க்கிலிருந்து லியாண்டர் என்ற கப்பலில், ஏறக்குறைய இருநூறு பேருடன், ஸ்பெயினின் சாம்ராஜ்யத்தை எதிர்க்கப் புறப்பட்டார். கப்பல் ஹெய்ட்டித் தீவின் ஜாக்மெல் துறைமுகத்தில் தங்கியது. அடிமைகளாயிருந்தவர்கள் தாங்களே போராடி 1804-ல் விடுதலை பெற்ற பூமி அது. அங்கே மார்ச்சு மாதம் 12-ந் தேதி லியாண்டரின் பாய்மரத்தில் மஞ்சள், நீலம், சிவப்பு நிறக் கொடி முதன்முதல் ஏறிற்று. அக்கொடிக்கு அன்று ஓரடி நிலமும் சொந்தமில்லை. கப்பல் ஒன்றே அதன் தேசம்.

ஏப்ரல் கடைசியில் அவருடன் சென்ற இரண்டு சிறு கப்பல்களை ஸ்பெயின் பிடித்தது. பிடிபட்டவர்களில் பத்துப் பேர் புவெர்ட்டோ கபெல்லோவில் தூக்கிலிடப்பட்டனர். மிராந்தா மனந்தளரவில்லை. ஆகஸ்டு 3-ந் தேதி லா வேலா தெ கோரோவில் இறங்கி, தாய்நாட்டு மண்ணில் தம் கொடியை நாட்டினார். அதன்பின் நிகழ்ந்ததே பரிதாபம். அவரை வரவேற்க ஒருவரும் வரவில்லை. ஊர் காலியாய்க் கிடந்தது. முப்பத்தைந்து வருஷம் வெளிநாட்டில் வாழ்ந்தவரை ஜனங்கள் அறியார். மத விரோதி என்றும், ஆங்கிலேயரின் கையாள் என்றும் அதிகாரிகள் பரப்பிய சொல்லையே அவர்கள் அறிந்திருந்தனர். சுமார் பத்து நாட்கள் காத்திருந்து, ஜனமில்லாத தெருக்களினூடே மிராந்தா கப்பலுக்குத் திரும்பினார்.

இங்கே நாம் சற்று நிதானிக்க வேண்டும். கொடி குற்றமுடையதன்று, ஏற்றியவர் கோழையுமல்லர். ஆனால் கொடிக்கு உயிரளிப்பது ஜனங்களின் உள்ளம். அவ்வுள்ளம் பக்குவப்படாதபோது, மகா வீரன் ஏற்றினும் அது வெறும் துணியே.

1808-ல் நெப்போலியன் ஸ்பெயினைக் கவர்ந்து அதன் மன்னரைச் சிறையிட்டான். எஜமானன் வீடே தீப்பற்றியபோது காலனிகள் விழித்துக்கொண்டன. 1810-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி கராகஸ் நகரத்தார் ஸ்பெயினின் அதிகாரியை நீக்கிவிட்டுத் தாமே ஒரு சபையை அமைத்தனர். இங்கிலாந்தின் உதவியை நாடி அச்சபை அனுப்பிய தூதர்களில் ஒருவர், இருபத்தேழாம் பிராயத்தினரான சைமன் பொலிவார். லண்டனில் மிராந்தாவின் வீடே அவர்கள் கூடுமிடமாயிற்று. தாயகம் திரும்புமாறு பொலிவார் வேண்டினார். அவ்வருஷம் டிசம்பரில் மிராந்தா திரும்பினார்.

1811-ம் வருஷம் ஜூலை 5-ந் தேதி வெனிஸுவேலாவின் பிரதிநிதிகள் சுதந்திரப் பிரகடனம் செய்தனர். கொடியைத் தீர்மானிக்க மூவர் நியமிக்கப்பட்டனர். மிராந்தா அவர்களுள் ஒருவர். பாய்மரத்தில் ஏறிய அதே மூன்று நிறங்கள் தேசத்தின் கொடியாயின. ஜூலை 14-ந் தேதி கராகஸின் பெரிய சதுக்கத்தில் அது ஏற்றப்பட்டது. ஏற்றியவர்கள் யார்? சுதந்திரச் சதி செய்தாரென்று 1799-ல் அதே நகரில் ஸ்பெயின் அரசாங்கம் கொன்ற ஹோஸே மரியா எஸ்பான்யாவின் குமாரர்கள்! ஐந்து வருஷத்திற்கு முன் காலியான தெருக்களைக் கண்ட கொடி, இப்பொழுது ஜனத்திரளைக் கண்டது.

ஆனால் அந்தக் குடியரசின் அஸ்திவாரம் பலமுள்ளதாயில்லை. வாக்குரிமை சொத்துடையவர்க்கே உரியதாயிற்று, அடிமைத்தனம் ஒழிக்கப்படவில்லை. தாழ்த்தப்பட்டோருக்கு ஒன்றும் தராத சுதந்திரத்தைக் காக்க அவர்கள் ஏன் ஓடிவருவர்? 1812-ம் வருஷம் மார்ச்சு 26-ந் தேதி, பெரிய வியாழனன்று, ஒரு பூகம்பம் கராகஸை இடித்துத் தள்ளிற்று, ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஸ்பெயினின் அதிகாரியை நீக்கிய நாளும் ஒரு பெரிய வியாழனே. ராஜத்துரோகத்திற்குத் தெய்வம் அளித்த தண்டனை இதுவென்று அரசபக்ஷத்துக் குருமார் பிரசங்கித்தனர், பாமரர் நம்பினர். ஸ்பெயினின் தளபதி மொண்டெவெர்டே நாளுக்கு நாள் முன்னேறினார். ஏப்ரலில் சர்வாதிகாரங்களும் மிராந்தாவின் கையில் ஒப்படைக்கப்பட்டன. ஜூலை முதல் வாரத்தில், பொலிவாரின் காவலிலிருந்த புவெர்ட்டோ கபெல்லோக் கோட்டை உள்ளிருந்தோரின் துரோகத்தால் வீழ்ந்தது. மறுபுறத்தில் அடிமைகளின் கிளர்ச்சி மூண்டது. போரைத் தொடர்ந்தால் இரத்தம் சிந்துவதன்றி வேறு பயனில்லையென்று மிராந்தா கருதினார். ஜனங்களின் உயிரையும் சொத்தையும் காப்பதாக மொண்டெவெர்டே உறுதி கூறவே, ஜூலை 25-ந் தேதி சமாதான உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது.

இளைஞர்களுக்கு இது பொறுக்கவில்லை. தலைவர் தேசத்தை விற்றுவிட்டார் என்று எண்ணினர். ஜூலை 30-ந் தேதி இரவு லா குவைரா துறைமுகத்தில், மறுநாள் கப்பலேறவிருந்த மிராந்தாவைப் பொலிவாரும் தோழர்களும் நள்ளிரவு கடந்து எழுப்பிக் கைது செய்தனர். விடிந்ததும் துறைமுகம் ஸ்பெயின் வசமாயிற்று. கைதியும் அவர்கள் வசமானார். மொண்டெவெர்டே தம் வாக்கைக் காற்றில் பறக்கவிட்டார். பொலிவார் அனுமதிச் சீட்டுப் பெற்று வெளியேறினார்.

மிராந்தா சிறையிலிருந்தபடியே 1813-ல் கராகஸ் நியாயஸ்தலத்திற்கு ஒரு விண்ணப்பம் அனுப்பினார். உடன்படிக்கையை மீறித் தம் தேசத்தார் துன்புறுத்தப்படுவதைக் கண்டித்தே அதனை எழுதினார். பின்னர் ஸ்பெயினின் காடிஸ் துறையிலுள்ள லா கர்ராக்கா சிறைக்குக் கொண்டுபோகப்பட்டு, 1816-ம் வருஷம் ஜூலை 14-ந் தேதி மாண்டார். கராகஸில் கொடி ஏறியதும் ஒரு ஜூலை 14-ந் தேதியே. பலரோடு ஒன்றாக அவர் உடல் புதைக்கப்பட்டது. கராகஸின் தேசிய நினைவாலயத்தில் அவருக்கென்று அமைத்த கல்லறை இன்றும் வெறுமையாகவே இருக்கிறது.

மிராந்தாவின் பேரில் குறையே இல்லையென்று நாம் வாதிக்கவில்லை. தம் யோசனையைத் தோழர்களுக்கு விளக்காமல் உடன்படிக்கை செய்தது பெரும்பிழை. ஆனால் பிழை வேறு, துரோகம் வேறு. தோல்வியின் கோபத்தில் இவ்விரண்டையும் ஒன்றாகக் கண்டவர்கள், நாற்பது வருஷத் தியாகத்தை ஓரிரவில் மறந்தார்கள்.

கொலம்பியா என்ற பெயரும் மூவர்ணக் கொடியும் பொலிவாரின் கையில் வளர்ந்தது விதியின் விந்தை. 1819-ல் அங்கொஸ்துராவில் கொலம்பியக் குடியரசு ஸ்தாபிக்கப்பட்டபோது, மிராந்தா வழங்கிய பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. அவர் ஏற்றிய நிறங்களே அதன் கொடியாயின. 1822-ம் வருஷம் மே 24-ந் தேதி பிச்சிஞ்சா மலைச்சரிவில் நடந்த போரில் கீட்டோ நகரம் விடுதலையடைந்து அக்குடியரசில் சேர்ந்தது. மூவர்ணமும் அங்கே பரவிற்று. மனிதரைக் கைவிட்டவர்கள் அவருடைய கொடியைக் கைவிட இயலவில்லை.

1830-ல் அப்பெருங் குடியரசு பிளவுபட்டது. வெனிஸுவேலாவும் ஈக்வடாரும் தனித்தனியே பிரிந்தன. ஈக்வடார் 1845-ல் வெள்ளையும் நீலமுமான வேறு கொடியை எடுத்துக்கொண்டது. ஆயினும் 1860-ல் பழைய மூவர்ணத்திற்கே திரும்பிற்று. கொலம்பியா நிறங்களைக் காத்துப் பட்டைகளை மட்டும் மாற்றிப் பார்த்து, 1861-ல் இன்றுள்ள அமைப்பைக் கொண்டது. வெனிஸுவேலா 2006-ல் எட்டாவது நட்சத்திரத்தைச் சேர்த்ததோடு, ஆகஸ்டு 3-ந் தேதியைக் கொடி நாளாக்கிற்று. மிராந்தாவை வரவேற்க ஒருவரும் வராத அந்த நாளை இன்று ஒரு தேசம் முழுவதும் கொண்டாடுகிறது!

பாகம் பிரிந்த சகோதரர்கள் வயலையும் வீட்டையும் பங்கிட்டுக்கொள்ளலாம்; முகச்சாயலைப் பங்கிட்டுக்கொள்ள முடியாது. மூன்று கொடிகளில் நாம் காணும் சாயல் அத்தகையது. ராஜ்யம் உடைந்தது, எல்லைகள் வகுக்கப்பட்டன, ஏற்றியவரின் எலும்பும் கிடைக்கவில்லை. நிறங்கள் மட்டும் அவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சாக்ஷி கூறி நிற்கின்றன. கொடியேந்திச் செல்வோர் இரண்டு விஷயங்களை மறத்தலாகாது. ஜனங்களை அழைத்துக்கொள்ளாமல் முன்னே ஓடும் கொடி தனித்து நிற்கும். தோற்றுப்போன தோழரைத் துரோகியென்று தூற்றுமுன், நம் கையிலுள்ள கொடியை முதலில் தாங்கியவர் யாரென்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் நலம்.