விடுதலையை மறுத்த கைதி

1985ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தென்னாபிரிக்க ஜனாதிபதி போத்தா பாராளுமன்றத்தில் ஓர் அறிவிப்பு விடுத்தார். அரசியலில் வன்முறையை முற்றாகக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டால் நெல்சன் மண்டேலாவை விடுதலை செய்யலாம் என்பதே அது. அப்பொழுது மண்டேலாவுக்கு வயது 66. சிறைக்குள்ளே 22 ஆண்டுகள் கழிந்திருந்தன. பெற்ற தாய் போய்விட்டார். மூத்த மகனும் போய்விட்டான். ஒப்புக்கொண்டிருந்தால் எஞ்சிய குடும்பத்தோடு வீட்டிற் போயிருந்திருக்கலாம்.

அவர் மறுத்துவிட்டார். பெப்ரவரி 10ஆம் நாள் சொவெற்றோ மைதானமொன்றில் திரண்டிருந்த மக்களின் முன்னே அவருடைய மகள் சின்ட்சி அந்த மறுப்பை வாசித்தார். தம் இயக்கம் தடைசெய்யப்பட்டிருக்க, தம் மக்கள் விரும்பிய இடத்திற் குடியிருக்கவும் உரிமையற்றிருக்க, தமக்கு மட்டும் எதற்கு விடுதலை என்பதே அதன் சாரம். இம்மனிதருடைய வாழ்வின் திறவுகோல் இம்மறுப்பிலே இருக்கிறது.

அரச வீட்டுப் பிள்ளை

1918ஆம் ஆண்டு யூலை 18ஆம் நாள் திரான்ஸ்கை மாநிலத்து உம்வேசோ கிராமத்தில் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் றொலிஹ்லாஹ்லா. நெல்சன் என்பது பள்ளிக்கூடத்து ஆசிரியை சூட்டிய பெயர். தெம்பு அரச குலத்தின் கிளையைச் சேர்ந்த தந்தையார், வெள்ளை நீதவான் ஒருவரின் உத்தரவால் தலைமைப் பதவியை இழந்தவர். அவர் இறந்தபின் தெம்பு மக்களின் பதில் அரசர் யொங்கின்தாபா சிறுவனைத் தம் பிள்ளைபோல் வளர்த்தார். மெதடிஸ்த மிஷன் பாடசாலைகளிற் படித்து, போர்ட் ஹெயார் கல்லூரிக்குச் சென்றார் மண்டேலா. 1940இல் மாணவர் எதிர்ப்பொன்றிற் கலந்துகொண்டதால் அங்கிருந்து விலக்கப்பட்டார். வளர்ப்புத் தந்தை நிச்சயித்த திருமணத்துக்கு உடன்படாமல் 1941இல் ஜொகன்னஸ்பேர்க் நகருக்கு ஓடிப்போனார். அரச வீட்டிலே வளர்ந்தவருக்குத் தங்கச் சுரங்கமொன்றின் காவலாளி வேலையே அங்கு முதலிற் கிடைத்தது.

அந்நகரில் வோல்ட்டர் சிசுலு அவருக்கு வழிகாட்டியானார். சட்டம் படித்த அவர் 1952இல் ஒலிவர் தம்போவுடன் சேர்ந்து சட்டத்தரணி அலுவலகம் ஒன்றைத் திறந்தார். நிறச் சட்டங்களால் அலைக்கழிக்கப்பட்ட ஏழைகள் நாள்தோறும் அதன் படிகளிலே காத்திருந்தனர்.

1948இல் ஆட்சிக்கு வந்த தேசியக் கட்சி, நிற ஒதுக்கலைச் சட்டமாக்கியது. 1950இல் ஒவ்வொருவரும் இன்ன இனத்தவர் என்று பதிவு செய்யப்பட்டனர். இன்ன இனத்தவர் இன்ன இடத்திலேதான் குடியிருக்கலாம் என்றும் வகுக்கப்பட்டது. 1953இல் கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனியான, தாழ்ந்த கல்வி விதிக்கப்பட்டது.

தொடக்கத்தில் மண்டேலா ஆபிரிக்கர் தனித்தே போராடவேண்டும் என்ற எண்ணமுடையவர். 1946இல் மருத்துவர்களான யூசுப் தாதூ, மொன்டி நாயக்கர் ஆகியோர் தலைமையில் இந்திய வம்சாவளியினர் நடத்திய சாத்வீகப் போராட்டம் அவர் மனத்தைத் தொட்டது. 1952இல் இரு மக்களின் காங்கிரஸ்களும் கூடி அநீதிச் சட்டங்களை மீறும் இயக்கத்தை நடத்தின. 8,000க்கு மேற்பட்டோர் சிறை சென்றனர். தொண்டர்களின் தலைவராய் நின்றவர் மண்டேலா.

தூக்குமேடையின் நிழலில்

1960ஆம் ஆண்டு மார்ச் 21ஆம் நாள் ஷார்ப்வில் என்னுமிடத்தில், அனுமதிச் சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்களைப் பொலிஸார் சுட்டனர். 69 பேர் மாண்டனர். ஆபிரிக்கத் தேசிய காங்கிரஸ் தடைசெய்யப்பட்டது. அடுத்த ஆண்டில் மண்டேலா ஆயுதப் பிரிவொன்றை அமைக்க முன்னின்றார். உயிர்களைத் தவிர்த்து நிலையங்களைத் தாக்குவதே அன்றைய திட்டம். ஆயினும் பிற்காலத்தில் அப்பிரிவின் குண்டுகளால் குற்றமற்றோரும் மடிந்தனர் என்பதை மறைப்பதற்கில்லை.

1962 ஓகஸ்ட் மாதம் அவர் கைதானார். 1964 யூன் 12ஆம் நாள் றிவோனியா வழக்கில் எண்மருக்கு ஆயுட்சிறை விதிக்கப்பட்டது. தூக்குத் தண்டனை கிடைத்தாலும் மேன்முறையீடு செய்வதில்லை என்று மண்டேலாவும் சிசுலுவும் கோவன் உம்பெக்கியும் முன்னரே முடிவு செய்திருந்தனர்.

அனுப்பப்பட்ட இடம் கேப் டவுன் கரைக்கு அப்பாலுள்ள றொபன் தீவு. மூன்று எட்டில் கடந்துவிடக்கூடிய அறை, தரையிலே பாய். ஆறு மாதத்துக்கு ஒரு கடிதம், ஒரு சந்திப்பு. சுண்ணாம்புக்கல் அகழியிலே ஆண்டுக்கணக்காக வேலை. வெண்கல்லிற் பட்டுத் தெறித்த வெயில் அவர் கண்களைக் கெடுத்தது. சிறைக்குள்ளும் நிறச் சட்டம் நின்றது. உடன் தண்டனை பெற்ற இந்தியரான அகமது கத்ராடாவுக்கு நீண்ட காற்சட்டையும் பாணும் உண்டு. மண்டேலாவுக்கு அரைக் காற்சட்டை, பாண் இல்லை. காந்தியடிகளோடு தென்னாபிரிக்காவிற் சிறைசென்ற தம்பி நாயுடுவின் பேரன் இந்திரஸ் நாயுடுவும் இத்தீவிற் பத்து ஆண்டுகள் கைதியாயிருந்தார்.

1968இல் தாயார் இறந்தார். 1969இல் மூத்த மகன் தெம்பி மோட்டார் விபத்தில் இறந்தான். இரு அடக்கங்களுக்கும் செல்ல அனுமதி கிடைக்கவில்லை. மனைவி வின்னியின் கையைத் தொடவும் 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தனைக்கும் நடுவே அவர் ஒரு காரியம் செய்தார். தம்மைச் சிறைவைத்தோரின் ஆபிரிக்கான்ஸ் மொழியைக் கற்றார். அவர்களுடைய வரலாற்றையும் படித்தார். சக கைதிகளிற் சிலருக்கு இது பிடிக்கவில்லை. ஆனால் என்றோ ஒருநாள் இவர்களோடு பேசவேண்டி வரும், அப்பொழுது இவர்களுடைய அச்சம் இன்னதென்று தெரிந்திருக்கவேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். அந்த நாள் வந்தது. 1985இன் பிற்பகுதியிலிருந்து அரசின் நீதியமைச்சரோடு தொடங்கிய இரகசியப் பேச்சுகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. 1990 பெப்ரவரி 2ஆம் நாள் ஜனாதிபதி டி கிளார்க் இயக்கங்களின் தடையை நீக்கினார். 11ஆம் நாள் மண்டேலா வெளியே நடந்து வந்தார். வயது 71.

இரத்தத்தின் விளிம்பில்

விடுதலை வந்தது, அமைதி உடனே வரவில்லை. 1993 ஏப்பிரல் 10ஆம் நாள், கறுப்பு இளைஞர்களின் பேரன்பைப் பெற்ற கிறிஸ் ஹானி தம் வீட்டு வாசலிற் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவன் போலந்திலிருந்து குடியேறிய ஒரு வெள்ளையன். நாடு கொதித்தெழுந்தது. அவ்வேளை தொலைக்காட்சியிலே தோன்றிய மண்டேலா ஓர் உண்மையை மக்களுக்கு நினைவூட்டினார். கொன்றவன் வெள்ளையன்தான், ஆனால் அவனுடைய மோட்டார் வாகனத்தைக் கவனித்துப் பொலிஸாருக்கு அறிவித்து அவன் பிடிபடச் செய்தவள் ஒரு வெள்ளைப் பெண், ஆபிரிக்கானர் இனத்தவள். ஒரு சில வார்த்தைகள் ஒரு நாட்டைப் பெருங் கலவரத்திலிருந்து இழுத்தெடுத்தன.

1994 ஏப்பிரலில் எல்லா இனத்தவரும் வாக்களித்தனர். 75 வயதான மண்டேலாவும் வாழ்விலே முதன்முறையாக வாக்களித்தார். மே 10ஆம் நாள் ஜனாதிபதியானார். சிறைக் காவலர்களாயிருந்த சிலரையும் பதவியேற்பு விழாவுக்கு அழைத்தார். தமக்குத் தூக்கு வாங்கித்தர முனைந்த அரச வழக்கறிஞர் பேர்சி யூட்டரை 1995இல் விருந்துக்கு அழைத்தார். நிற ஒதுக்கலைச் செதுக்கிய பிரதமர் வெர்வூர்டின் விதவை 90 வயதைக் கடந்தவராய் வெள்ளையர் மட்டும் வாழும் ஒறேனியாவில் இருந்தார். அவ்வீட்டுக்கும் சென்று தேநீர் அருந்தினார்.

மன்னிப்பு என்றால் மறந்துவிடுவது என்று அவர் கொள்ளவில்லை. 1996இல் ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மன்ட் டுட்டுவின் தலைமையில் உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு அமர்ந்தது. செய்த கொடுமையை முழுவதும் வெளிப்படச் சொன்னவனுக்கே மன்னிப்பு. இதுவும் எல்லாருக்கும் ஆறுதலாயிருக்கவில்லை. பொலிஸ் காவலில் மாண்ட ஸ்டீவ் பீக்கோவின் குடும்பத்தார், தங்களுக்கு வேண்டியது வழக்கும் தீர்ப்புமே என்று நீதிமன்றம் சென்று தோற்றனர். அவர்களுடைய நோவையும் சேர்த்தே இக்கதை சொல்லப்படவேண்டும்.

குறைகளும் நிறைவும்

அவர் குறையற்றவர் அல்லர். இரு மண வாழ்வுகள் முறிந்தன. பிள்ளைகள் தந்தையின்றி வளர்ந்தனர். அவர் ஆட்சியில் எயிட்ஸ் நோய் பரவியபோது போதிய அளவு செயற்படவில்லை. பின்னர் அதை ஒப்புக்கொண்டார். 2005இல் மகன் மக்காதோ அந்நோயால் இறந்தபோது, மறைக்காமல் ஊரறியச் சொன்னார். நிலமும் செல்வமும் பெரும்பாலும் பழைய கைகளிலேயே தங்கின. அந்த ஏக்கம் அவர் மறைந்த பின்னும் தீரவில்லை.

ஆயினும் 1999இல், இன்னொரு தவணைக்கு வழியிருந்தும், பதவியை விட்டு இறங்கினார். 2013 டிசம்பர் 5ஆம் நாள் 95ஆவது வயதிற் காலமாகி, சிறுவயதில் மாடு மேய்த்த கூனு கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

1985இல் தமக்கு மட்டும் வந்த விடுதலையை மண்டேலா மறுத்தார். 1994இல் தம் இனத்துக்கு மட்டும் உரிய வெற்றியையும் மறுத்தார். இரண்டும் ஒரே மறுப்புத்தான். முன்னதைச் செய்திராவிட்டால் பின்னதைக் கோழைத்தனம் என்று உலகம் சொல்லியிருக்கும். நீதிக்காக 27 ஆண்டுகள் விட்டுக்கொடாது நின்றவர் நீட்டிய கையாதலால், அதைப் பற்ற அஞ்சியிருந்தோரும் பற்றினர்.