ஐடா ஸ்கடர் அம்மையார்

ஆரணியிலிருந்து கண்ணமங்கலத்தின் வழியாக வேலூர் செல்லும் பாதை, வேலூர் நகருக்குள் ஆரணி ரோடு என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. அவ்வீதியில் ஷெல் ஆஸ்பத்திரி என்றொரு பழைய கட்டிடம் உண்டு. இந்நாளில் அது கண் வைத்தியத்துக்கு உரியது. 1902-ஆம் ஆண்டில் அதன் கதவு திறந்தபோதோ, அது ஸ்திரீகளுக்கும் குழந்தைகளுக்குமென்றே ஏற்பட்டிருந்தது. தறியில் உட்காராத நாளுக்குக் கூலியில்லை என்பதை நெசவாளர் அறிவர். அறிந்தும், பாவைப் பாதியில் நிறுத்திவிட்டு, சுரம் கண்ட குழந்தையைத் தோளிற் சார்த்திக்கொண்டு அவ்வழியே போன ஆரணித் தந்தைமார் எத்தனையோ பேர். அவர்களில் பலரும் அந்த ஆஸ்பத்திரியை நிறுவிய அம்மையாரின் பெயரை அறிவர். அவர் அத்தொழிலுக்கு வந்த வழியை அறிந்தவர் சிலரே.

குழந்தைகளுக்கு வைத்தியம் செய்பவர் இயல்பிலேயே குழந்தைகள்மேல் அன்பு மிகுந்தவராதலின் அத்தொழிலை நாடினார் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஐடா ஸ்கடரின் சரித்திரம் இதற்கு இணங்குவதாயில்லை. நம் நாட்டுக் குழந்தைகள் படும் துயரத்தைக் கண்டு அஞ்சி ஓடியவர் அவர். ஓடியவரை எது திருப்பிக் கொணர்ந்தது என்பதே இங்கு நாம் சொல்லப் புகுந்தது.

அவர் பிறந்தது இராணிப்பேட்டையில், 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் தேதி. பாட்டனார் ஜான் ஸ்கடர், அமெரிக்காவிலிருந்து வைத்தியமும் மத போதனையும் ஒருங்கே செய்ய முதன்முதல் இலங்கைக்கு வந்து, பின்னர் சென்னைக்குக் குடியேறியவர். அவருடைய புதல்வர் எழுவரும் இந்தியாவில் மிஷன் பணி செய்தனர். எழுவரில் இளையவரான மற்றொரு ஜான் ஸ்கடரே ஐடாவின் தந்தை, அவரும் வைத்தியர். ஐந்து தமையன்மாருக்குப் பின் பிறந்த ஒரே பெண் ஐடா. ஆரணியும் வேலூரும் இராணிப்பேட்டையும் ஒரே வடஆர்க்காடு ஜில்லாவாயிருந்த காலம் அது. (1989-ல் ஜில்லா பிரிந்தபோது ஆரணி திருவண்ணாமலைப் பக்கம் சேர்ந்தது.)

அவருக்கு ஆறு வயது நடக்கையில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். மழை பொய்த்தது உண்மை; ஆயினும் மழை மாத்திரம் பொய்த்து மக்கள் அத்தனை பேர் மாள்வதில்லை. 1877 ஜனவரி முதல் தேதியன்று விக்டோரியா மகாராணியைச் சக்கரவர்த்தினியாக்கி டில்லியில் தர்பார் நடந்தது. அதே ஆண்டில், நிவாரண வேலைக்கு வந்த கூலிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதுமென்று ஸர் ரிச்சர்டு டெம்பிள் கணக்கிட்டார். அது உயிர் தரிக்கப் போதாதென்று மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாட வேண்டியிருந்தது. இறந்தோர் ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்பது மதிப்பு.

அப்பஞ்சத்தில் வேலூர் மிஷன் வளாகத்தில் கூடிய குழந்தைகளுக்கு ரொட்டி பங்கிடப்பட்டது. சிறுமி ஐடாவும் துணைக்கு நின்றாள். கையில் வாங்கவும் வலுவற்றுக் கிடந்த பிள்ளைகளின் வாயில், ரொட்டியைப் பிட்டுப் பிட்டு ஊட்டினாள். ஊட்டப் பெற்றவரும் ஊட்டியவளும் ஏறக்குறைய ஒரே வயது. தன் வயதொத்த பிள்ளையின் உதடு அசையாதிருப்பதைக் கண்ட குழந்தையின் உள்ளத்தில் என்ன பதியும்? இரக்கம் பதியும் என்று நாம் நினைப்போம். திகிலே பதிந்தது. குடும்பம் 1878-ல் அமெரிக்கா திரும்பியது. பெற்றோர் மீண்டும் இந்தியப் பணிக்குப் புறப்பட்டபோது, சிகாகோவில் உறவினர் வீட்டில் தனியே விடப்பட்டாள். தாயைத் தன்னிடமிருந்து பறித்ததும் இந்தியாவே என்று அப்பெண்ணுக்குத் தோன்றியிருந்தால் வியப்பில்லை. பின்னர் நார்த்பீல்டு பெண்கள் பாடசாலையில் பயின்றபோது, ஸ்கடர் குலத்தவரின் வழக்கம் தன்னைக் கட்டாது, தான் மணந்துகொண்டு சொந்த நாட்டிலேயே சுகமாய் வாழ்வது என்று உறுதி கொண்டிருந்தார்.

1890-ல் தாயார் நோயுற்ற செய்தி வந்தது. சிறிது காலம் உடனிருந்து திரும்பிவிடலாம் என்றே திண்டிவனம் வந்தார். அங்கிருந்த நாட்களில் ஓர் இரவு அவர் வாழ்வைத் திருப்பியது.

அந்த ஒரே இரவில், ஒருவர்பின் ஒருவராக, மூன்று ஆடவர் அவர் வாயிலுக்கு வந்தனர். முதலில் வந்தவர் ஒரு பிராமண இளைஞர், அவர் மனைவிக்குப் பதினான்கு வயது, முதற் பிரசவம், மருத்துவச்சி கைவிட்டுவிட்டாள். அடுத்து வந்தவர் ஒரு முஸ்லிம். மூன்றாமவர் வேறொரு ஜாதி இந்து. மூவர் வீட்டிலும் ஒரே துன்பம். தன் தந்தையார் தேர்ந்த வைத்தியர், உடனே அழைத்து வருகிறேன் என்றார் ஐடா. அந்நிய ஆடவன் முகத்தை மனைவி காண்பதினும் அவள் இறப்பதே மேல் என்பது அவர்கள் விடை. நீரே வாரும் என்று வேண்டினர். ஐடாவோ வைத்தியம் ஓர் எழுத்தும் கற்றவரல்லர். விடியற்காலையில் சாவுப்பறை கேட்டது. விசாரித்ததில் மூன்று பெண்களும் இறந்தது தெரிந்தது. அன்று பகலே, அமெரிக்கா சென்று வைத்தியம் கற்று மீள்வதெனத் தீர்மானித்துப் பெற்றோரிடம் தெரிவித்தார்.

இந்நிகழ்ச்சியை மிஷன் நூல்கள் தெய்வ அழைப்பு என்று வர்ணிக்கும்; அது அவர்கள் நம்பிக்கை. நாம் இங்கு நோக்க வேண்டியது வேறு. பிரசவ வேதனையில் பதினான்கு வயதில் மாண்டவள் தாயா, குழந்தையா? அவளே ஒரு குழந்தையன்றோ! அவளைக் கொன்றது அந்நிய ஆட்சி என்று சொல்லித் தப்ப நமக்கு வழியில்லை. பஞ்சத்துக்குத் தர்பாரைக் குற்றஞ்சாட்டிய நாம், இவ்விரவுக்கு நம் வீட்டுத் திண்ணையைத்தான் காட்ட வேண்டும். மூன்று வீடுகளில் இரண்டு இந்து வீடு, ஒன்று முஸ்லிம் வீடு. பாமரரும் அல்லர், உதவி எங்குண்டென்று அறிந்து நள்ளிரவில் தேடி வந்தவர்கள். மனைவிமேல் அன்பில்லாதவர் அவ்வாறு வரமாட்டார். அன்பிருந்தும் வழக்கமே வென்றது. பெண்ணின் மணவயதைப் பதினான்காக்கிய சாரதா சட்டம் 1929-ல்தான் இயற்றப்பட்டது. அதுவும் பால்ய விவாகத்தைச் செல்லாததாக்கவில்லை. செய்து வைத்தவர்க்குச் சிறு தண்டனை விதித்ததோடு நின்றது. வயது பதினெட்டாக உயர 1978 வரை காத்திருக்க நேர்ந்தது. நீதிமன்றத்தில் நின்று பழகிய எமக்கு, சட்டம் எவ்வளவு மெல்ல நடக்கும் என்பது புதிதன்று.

ஐடா 1895-ல் பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் வைத்தியக் கலாசாலையில் சேர்ந்து, பின்னர் நியூயார்க்கில் கார்னெல் சர்வகலாசாலை பெண்களுக்கு வைத்தியப் படிப்பைத் திறந்ததும் அங்கு மாறி, 1899-ல் பட்டம் பெற்றார். குழந்தை வைத்தியம் தனிச் சாஸ்திரமாக அந்நாட்டில் வேரூன்றிய காலம் அது. அதற்கு மூலபுருஷர் என்று போற்றப்படுபவர் ஆபிரகாம் ஜேக்கபி. அரசியல் ஊழியரான நம் வாசகர்கள் அவரைப் பற்றியும் ஒரு வார்த்தை அறிந்திருப்பது நன்று. ஜெர்மனியில் 1848-ஆம் ஆண்டுப் புரட்சியில் கலந்து, சிறைப்பட்டு, 1853-ல் நியூயார்க் வந்து சேர்ந்த அகதி அவர். அவரும் குழந்தைகளின் துன்பத்தைப் புத்தகத்தில் மட்டும் கற்றவரல்லர். தாமும் மனைவியும் புகழ்பெற்ற வைத்தியராயிருந்தும், 1883-ல் தம் மகனைத் தொண்டை அடைப்பான் நோய்க்குப் பறிகொடுத்தார். அந்நோய்க்கு மாற்று மருந்து வந்தது அதற்குப் பத்தாண்டு கழித்து.

ஷெல் என்னும் தனவந்தர் தம் மனைவியின் நினைவாக அளித்த பதினாயிரம் டாலருடன், 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா இந்தியா வந்து சேர்ந்தார். சில மாதங்களில் தந்தை இறந்தார். அவர் நிழலில் பழகலாம் என்று வந்தவர், அனுபவமின்றித் தனியே நிற்க நேர்ந்தது. வேலூரில் வீட்டுக்குள்ளேயே ஒரு படுக்கையிட்டு வைத்தியம் தொடங்கினார். துணைக்கு வந்தவள் வீட்டுச் சமையற்காரரின் மனைவி. முதலில் எவரும் நம்பவில்லை. பின்னர் திண்ணை கொள்ளாத கூட்டம். இரண்டு ஆண்டில் ஐயாயிரம் நோயாளிகளைப் பார்த்தார் என்பர். அதன்பிறகே நாற்பது படுக்கையுடன் ஷெல் ஆஸ்பத்திரி எழுந்தது.

அந்நாளில் இந்நாட்டில் பிறந்த ஆயிரம் சிசுக்களில் ஏறத்தாழ இருநூறு, ஓராண்டு நிறையுமுன் மாண்டன. தமிழ்நாட்டில் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அத்தொகை பதின்மூன்று. சாவின் வழிகள் பெரும்பாலும் எளியவை. தொப்புட்கொடியை அரிவாளாலோ மூங்கிற் சிம்பாலோ அறுத்து, சாணமோ சாம்பலோ வைத்துக் கட்டுவது பல இடங்களில் வழக்கம். குழந்தை சில நாளில் பால் குடிக்க மாட்டாது வாய் கட்டி, உடல் வில்லாய் வளைந்து தனுர்வாதத்தில் இறக்கும். பேய் பிடித்தது என்பர். கொதிநீரில் இட்ட கத்தரியும் சுத்தமான நூலும் இருந்தால் அச்சாவு இல்லை. குழந்தையைக் காக்க விரும்புபவர் தாயிடமிருந்தே தொடங்க வேண்டும் என்பதை ஐடா புத்தகம் திறக்குமுன்பே திண்டிவனத்தில் கற்றிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு வர மாட்டாதவரை நாடி அவரே புறப்பட்டது நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே நடந்தது. வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில், குறித்த நாளில், குறித்த மரத்தடிகளில் வண்டியை நிறுத்துவார். குடியாத்தமும் ஆரணியைப் போலவே தறியோசை கேட்கும் ஊர். மருந்துப் பெட்டியைக் கண்டதும் கண் நோய், சிரங்கு, வயிற்றுக் கடுப்பு கண்ட குழந்தைகளைத் தாய்மார் இடுப்பில் ஏந்தி வந்து நிற்பர். வண்டி பின்னர் மோட்டாராயிற்று, மரத்தடி மாறவில்லை. வைத்தியர் நோயாளியைத் தேடிப் போவது இழுக்கென்று கருதும் பட்டணத்துப் பெரியார்கள் இதைக் கவனிப்பார்களாக.

இவ்வளவோடு நின்றிருந்தால் அவர் பல நல்ல மிஷன் வைத்தியருள் ஒருவராகவே எண்ணப்பட்டிருப்பார். ஒருத்தி இரு கையால் எத்தனை குழந்தையை ஏந்த முடியும்? இந்நாட்டுப் பெண்களே வைத்தியராக வேண்டும் என்று அவர் துணிந்ததே அவர் செய்தவற்றுள் தலையாயது என்பது நம் எண்ணம். 1909-ல் தாதியர் பள்ளி தொடங்கினார். 1918 ஆகஸ்டு 12-ஆம் தேதி பெண்கள் வைத்தியப் பள்ளி திறக்கப்பட்டது. விண்ணப்பம் செய்யவே பெண்கள் வரமாட்டார்கள் என்று அதிகாரிகள் எச்சரித்தனர். இடத்துக்கு மேற்பட்டே வந்தனர். முதலாண்டு அரசாங்கப் பரீட்சையில் பதினான்கு பெண்கள் எழுதிப் பதினால்வரும் தேறினர். ஆடவர் பள்ளிகளில் ஐவருக்கு ஒருவர் தேறியதே அரிதாயிற்று. திண்டிவனத்து மூன்று வீடுகளுக்கு அதைக் காட்டிலும் தக்க மறுமொழி உண்டோ?

ஸ்கடர் குலத்தவர் மதம் பரப்பவே வந்தனர், அதை அவர்கள் மறைத்ததுமில்லை. அதற்கு நாம் உடன்பட வேண்டியதில்லை. மருந்து வாங்க வந்தவளிடம் ஜாதி கேட்டு அனுப்பியவர் யார், கேளாமல் ஏற்றவர் யார் என்ற கேள்விக்கு நேர்மையாக விடை சொல்லவே உடன்பட வேண்டும். நம்மவருள் அக்கேள்விக்குத் தலை நிமிர்ந்து விடை சொல்ல வல்லவராக ஒருவர் எழுந்தார். புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி 1912-ல் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறி, பின்பு சட்டசபையில் அமர்ந்து, தேவதாசிப் பொட்டறுப்புக்குப் போராடி, காந்தியடிகள் சிறைப்பட்ட 1930-ல் பதவியைத் துறந்தார். இவ்விருவர் பாதையும் வேறு. ஆயினும் பெண்மகவின் உடல் எவருடைய வழக்கத்துக்கும் பலியாகாது என்ற முடிவில் இருவரும் ஒன்றுபட்டனர்.

சோதனையும் வந்தது. காங்கிரஸ் மந்திரிசபை சென்னை மாகாணத்தில் பதவி வகித்த 1930-களின் இறுதியில், வைத்தியப் படிப்பைச் சர்வகலாசாலைப் பட்டத்தின் தரத்துக்கு உயர்த்தும் ஏற்பாடு வந்தது. கீழ்த்தரப் படிப்புள்ள பள்ளிகள் மூடப்பட வேண்டியவையாயின. வேலூர்ப் பள்ளியும் அவற்றுள் ஒன்று. ஏற்பாடு சரியே, ஏழைக்கு அரைப்படிப்பு வைத்தியர் போதுமென்பது சுதந்திரம் வேண்டிய தேசத்துக்கு அழகன்று. எழுபதை எட்டும் வயதில் ஐடா அதை எதிர்த்து ஓலமிடாமல், அமெரிக்கா சென்று ஊரூராய்ப் பொருள் திரட்டினார். 1942-ல் பட்டப்படிப்புக்கு அனுமதி கிடைத்தது. 1947 முதல் ஆடவரும் அங்கு சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டுகளையொட்டியே நிர்வாகம் ஓர் இந்தியப் பெண்மணியின் கைக்கு வந்தது. விசாகப்பட்டணத்தில் பிறந்த டாக்டர் ஹில்டா லாசரஸ் தலைமை ஏற்றார்.

ஐடா 1946-ல் ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் வசித்தார். மணம் செய்துகொள்ளவில்லை. 1960 மே 24-ஆம் தேதி, எண்பத்தொன்பதாம் வயதில் அங்கே காலமானார். அதற்குள் அவரிடம் படித்த பெண்கள் பல ஜில்லா ஆஸ்பத்திரிகளிலும் குக்கிராமங்களிலும் பிரசவ அறைக் கதவைத் தாமே திறந்துகொண்டு உள்ளே சென்றுகொண்டிருந்தனர். வாயிலில் நின்ற கணவன்மார் வழிவிட்டனர்.