பைண்டர் கடைப் பையன்

1804-ம் ஆண்டு. லண்டன் நகரில் பிளாண்ட்போர்டு தெருவில் ஒரு புத்தகக் கடை இருந்தது. கடைக்காரர் பெயர் ஜார்ஜ் ரீபோ. புத்தகம் விற்பார், பைண்டு செய்து கொடுப்பார், பத்திரிகைகளை வாடகைக்கும் விடுவார். அந்தக் காலத்தில் அங்கே பத்திரிகை விலை அதிகம். ஒரே பத்திரிகையை ஒரு வீட்டில் கொடுத்து, அவர்கள் படித்து முடித்ததும் வாங்கி, அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இந்த வேலைக்கு ஒரு எடுபிடிப் பையன் வந்து சேர்ந்தான். வயது 13. பெயர் மைக்கேல் பாரடே.

பையனின் தகப்பனார் கருமான் வேலை செய்பவர். நோயாளி. பல நாள் உலைக்களத்துக்கே போக முடியாது. 1801-ல் தானிய விலை ஏறியபோது, ஒரு ரொட்டியைக் கொடுத்து, வாரம் முழுவதும் இதை வைத்துக்கொள் என்று சொல்லும் நிலையில் குடும்பம் இருந்தது. எழுதப் படிக்கவும் கொஞ்சம் கணக்குப் போடவும் தெரிந்ததோடு படிப்பு நின்றுவிட்டது.

ஒரு வருஷம் ஓடியாடி வேலை செய்தான். 1805 அக்டோபரில் ரீபோ அவனைத் தொழில் பழகும் பையனாக ஏழு வருஷ ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொண்டார். இப்படிச் சேர்ப்பதற்குப் பெற்றோரிடம் ஒரு தொகை வாங்குவது வழக்கம். ரீபோ வாங்கவில்லை. பையனின் விசுவாசமான உழைப்பை முன்னிட்டுப் பணம் வேண்டியதில்லை என்று பத்திரத்திலேயே எழுதினார்.

தொழிலை ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார். பாரம் மடிப்பது, தைப்பது, பசை தடவுவது, தோல் ஒட்டுவது எல்லாம் பையன் கைக்கு வந்தன. ஆனால் அந்தக் கடையில் இன்னொன்றும் நடந்தது. பைண்டுக்கு வந்த புத்தகத்தைப் பையன் பிரித்துப் படித்துக்கொண்டிருப்பான். வேறு எஜமானராக இருந்தால் காதைத் திருகியிருப்பார். ரீபோ பார்த்தும் பாராதது போல் இருந்தார். பிறகு படிக்கவே சொன்னார். கலைக்களஞ்சியம் ஒன்று பைண்டுக்கு வந்தது. அதில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரை அவனைப் பிடித்துக்கொண்டது. ஜேன் மார்செட் என்ற அம்மையார் உரையாடலாக எழுதிய ரசாயனப் புத்தகமும் கைக்குக் கிடைத்தது. படித்ததைச் செய்து பார்க்காமல் அவனால் நம்ப முடியவில்லை. பழைய சீசாவை வைத்து மின்சாரம் உண்டாக்கும் யந்திரம் ஒன்று செய்தான். கடையிலேயே அதற்கு இடம் கிடைத்தது. மாடியில் குடியிருந்த ஓவியர் ஒருவர் படம் வரையக் கற்றுக்கொடுத்தார்.

1810-ல் தகப்பனார் இறந்தார். அதே ஆண்டில், டாட்டம் என்பவர் மாலை வேளையில் நிகழ்த்திய விஞ்ஞானச் சொற்பொழிவுகளுக்குப் பாரடே போகத் தொடங்கினான். கட்டணம் ஒரு தடவைக்கு ஒரு ஷில்லிங். அதைக் கொடுத்தவன் அண்ணன் ராபர்ட். அவனும் கருமான்தான். கேட்டதையெல்லாம் படங்களோடு எழுதி, நான்கு தொகுதிகளாகத் தானே பைண்டு செய்து, எஜமானருக்குச் சமர்ப்பணம் செய்தான்.

ரீபோ அதைப் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டினார். அவர்களில் டான்ஸ் என்ற கனவான், ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஸர் ஹம்ப்ரி டேவி செய்யும் சொற்பொழிவுகளுக்குப் பையனுக்கு அனுமதிச் சீட்டு கொடுத்தார். இது 1812-ல். அந்த ஆண்டு அக்டோபரில் ஒப்பந்தம் முடிந்தது. பாரடே வேறொரு பைண்டரிடம் கூலிக்குப் போனார். அந்த எஜமானர் முன்கோபி. மாலை நேரமும் போயிற்று, மன நிம்மதியும் போயிற்று.

டேவியின் சொற்பொழிவுக் குறிப்புகளைப் பைண்டு செய்து அவருக்கே அனுப்பி, வேலை கேட்டார் பாரடே. டேவி கூப்பிட்டுப் பேசினார். விஞ்ஞானத்தில் வரும்படி கிடையாது, கற்ற தொழிலை விடாதே என்று புத்தி சொல்லி, இன்ஸ்டிட்யூஷனின் பைண்டிங் வேலைகளைத் தருவதாகவும் வாக்களித்தார். சில வாரங்களில் ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர் சண்டை போட்டு வேலையை இழந்தார். டேவி ஆள் அனுப்பினார். 1813 மார்ச் 1-ந் தேதி பாரடே நியமனம் ஆனார். வாரம் 25 ஷில்லிங். மாடியில் இரண்டு அறை. நிலக்கரியும் மெழுகுவர்த்தியும் இனாம்.

டேவியும் சின்ன ஊரில் வைத்தியரிடம் மருந்து கலக்கப் பழகி மேலே வந்தவர்தான். பாரடேக்கு அவரே கல்லூரி. அதே ஆண்டு அக்டோபரில் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். பாரிஸில் ஆம்பியரையும் மிலானில் வோல்ட்டாவையும் காணும் பாக்கியம் கிடைத்தது. ஆனால் டேவியின் பணியாள் கடைசி நேரத்தில் வர மறுத்துவிட்டதால், உடுப்பு எடுத்து வைக்கும் வேலையும் பாரடே தலையில் விழுந்தது. டேவியின் மனைவி அவரை வேலைக்காரராகவே நடத்தினாள். ஒன்றரை வருஷம் பொறுத்துக்கொண்டார்.

திரும்பி வந்த பிறகு சீடர் வளர்ந்தார். 1821-ல், மின்சாரம் பாயும் கம்பி காந்தத்தைச் சுற்றிச் சுழலும்படி செய்தார். உடனே வம்பு கிளம்பியது. வுல்லாஸ்டன் என்ற விஞ்ஞானியின் யோசனையை எடுத்துக்கொண்டதாகப் பலர் முணுமுணுத்தார்கள். பாரடேயை ராயல் சொசைட்டி அங்கத்தினராக்க நண்பர்கள் பெயர் கொடுத்தபோது, அதன் தலைவராயிருந்த டேவியே எதிர்த்தார். 1824 ஜனவரியில் ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. எதிராக விழுந்தது ஒரே ஒரு வாக்கு. யாருடையது என்று பெட்டி சொல்லாது.

பாரடே அந்தக் காயத்தை ஊர் அறியக் காட்டவில்லை. கடைசி வரை டேவியைப் பற்றி மரியாதையாகவே பேசினார். டேவி 1829-ல் ஜினீவாவில் காலமானார்.

1831 ஆகஸ்டு 29-ல் பாரடே இரும்பு வளையம் ஒன்றில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றி, ஒன்றில் மின்சாரத்தை விட்டும் நிறுத்தியும் பார்த்தார். அந்தந்தக் கணத்தில் மற்றதில் மின்சாரம் பாய்ந்தது. இன்றைய டிரான்ஸ்பார்மருக்கும் டைனமோவுக்கும் மூலம் அதுதான். கம்பியோடு கம்பி ஒட்டாமலிருக்க அவர் வைத்துக் கட்டியது நூலும் காலிக்கோத் துணியும். பைண்டர் கடையில் ஏழு வருஷம் அவர் கை பழகிய சாமான்கள் அல்லவா!

அவரும் எஜமானர் ஆனார். ராணுவத்தில் சார்ஜண்டாக இருந்த ஆண்டர்சன் அவருக்கு உதவியாளர். ஒரு மாலை அவரை வீட்டுக்குப் போகச் சொல்லப் பாரடே மறந்துவிட்டாராம். மறுநாள் காலையிலும் ஆண்டர்சன் உலையை எரித்துக்கொண்டே இருந்தாராம்! அவர் 1866-ல் இறக்கும்வரை பாரடேயிடமே வேலை செய்தார். ஆய்வுக்கூடத்தில் கைவேலை செய்வது எப்படி என்று இளைஞர்களுக்காகப் பாரடே 1827-ல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளைப் பத்தொன்பது முறை நடத்தினார். ஆனாலும் தமக்குப் பின் இவர் என்று சொல்லும்படி ஒரு சீடரைப் பக்கத்தில் வைத்து அவர் உருவாக்கவில்லை. தனியாகவே ஆராய்ச்சி செய்தார். டேவி தமக்குச் செய்ததை அவர் வேறொருவருக்குச் செய்யவில்லை என்பது அவர் வரலாற்றில் ஒரு குறையே.

பாரடே 1867 ஆகஸ்டு 25-ல் காலமானார். ஒன்பது ஆண்டு கழித்து, 1876-ல், பிளாண்ட்போர்டு தெருவில் அந்தப் பழைய கடைச் சுவரில் வட்டப் பலகை ஒன்று பதித்தார்கள். விஞ்ஞானி பாரடே இங்கே தொழில் பழகினார் என்று அதில் இருக்கிறது. தொழில் பழக்கியவர் பெயர் இல்லை.