பாறை பெயர்க்கும் நால்வரைச் செய்தவர்

சென்னை மெரினா கடற்கரைக்குச் சென்றவர்கள் உழைப்பாளர் சிலையைப் பாராமல் திரும்பியிருக்க மாட்டார்கள். அரையில் துணி மட்டும் கட்டிய நான்கு ஆண்கள் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்கப் பாடுபடும் காட்சி அது. அதன்முன் நின்று படம் எடுத்துக்கொண்டவர்கள் பலர். ஆனால் அதைச் செய்தவர் யார் என்று கேட்டால் நம்மில் பெரும்பாலோர் விழிப்போம். சென்ற ஆண்டு வரை நானும் விழித்திருப்பேன். அவர் பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி.

இவர் 1899-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்க்பூர்ப் பகுதியில், வசதி படைத்த குடும்பத்தில் பிறந்தார். அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றார். பின்னர் சிற்பக் கலையையும் கற்றார். மற்போர், வேட்டை, புல்லாங்குழல், வங்க மொழியில் கதை எழுதுதல் என எதையும் விட்டுவைக்கவில்லை. மற்போர் பழகியவர் என்பதை அறிந்தபோதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. உடலின் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கும், இடுப்பிலிருந்து குதிகாலுக்கும் எப்படி இறங்குகிறது என்பதை அவர் தம் உடம்பாலேயே அறிந்திருக்க வேண்டும்.

1929-இல் சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வரானார். 1850-இல் தொடங்கிய அப்பள்ளிக்கு முதல்வராக வந்த முதல் இந்தியர் அவரே. 1957 வரை இருபத்தெட்டு ஆண்டுகள் அங்கே பணியாற்றினார். கே. சி. எஸ். பணிக்கர், எஸ். தனபால் முதலியோர் அவருடைய மாணவர்கள். 1954-இல் லலித் கலா அகாடமியின் முதல் தலைவரானார்; 1958-இல் பத்மபூஷண் விருது பெற்றார். பிரமுகர்கள் பலரின் உருவச் சிலைகளையும் செய்திருக்கிறார். அவற்றைவிட, பெயரில்லாத மனிதர்களை அவர் செய்த சிலைகளே என் மனத்தில் நிற்கின்றன.

பாட்னாவில் ஒன்று உண்டு. 1942 ஆகஸ்ட் 11-ஆம் நாள், அங்குள்ள தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடியை ஏற்றச் சென்ற ஏழு மாணவர்கள் சுடப்பட்டு இறந்தனர். ஏறக்குறைய எங்கள் வயதினர்! அவர்களை ராய் சௌத்ரி வெண்கலத்தில் வடித்தார். 1956-இல் அச்சிலை திறக்கப்பட்டது. சிலர் விழுகிறார்கள், கொடி மட்டும் விழவில்லை.

உழைப்பாளர் சிலை 1959 ஜனவரி 25-ஆம் நாள், குடியரசு தினத்திற்கு முந்திய நாள் நிறுவப்பட்டது. 1923-இல் இந்தியாவின் முதல் மே தினத்தைச் சிங்காரவேலர் கொண்டாடியதும் சென்னைக் கடற்கரையில்தான். அவர் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதில் புன்னக்காயல் பிள்ளைகளாகிய எங்களுக்குத் தனிப் பெருமை. சிலைக்காகக் கல்லூரிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் முன்னே நின்றார்கள் என்று கூறுவர்.

எங்கள் கோயிலில் உள்ள சொரூபங்களின் கைகள் ஆசீர் அளிக்கும். முகங்கள் அமைதியாக இருக்கும். அவற்றைப் பார்த்தே வளர்ந்த எனக்கு, சிலை என்றால் முகம்தான். இந்த நால்வரிடமோ முகத்தை யாரும் முதலில் தேடுவதில்லை. முதுகும் தொடையும் விலாவும் பேசுகின்றன. என் அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். அவர் பல ஆண்டுகளாக வள்ளத்தைக் கடலில் இறக்கியும் கரையேற்றியும் வருபவர். கைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கால்களை விரலால் தொட்டுக் காட்டினார். கால் ஊன்றாமல் கை மட்டும் தள்ளினால் வள்ளம் நகராது என்றும், இதைச் செய்தவர் அதை அறிந்தவர் என்றும் சொன்னார். அப்பாவின் தோளில் கயிறு அறுத்த தழும்பு உண்டு. சிறு வயதில், என் தோழிகள் அதைப் பார்த்துவிடுவார்களோ என்று நான் வெட்கப்பட்டதுண்டு. இப்போது அதை எழுதுவதற்கு எனக்குத் தயக்கமில்லை.

இன்னொன்று. ஆங்கிலத்தில் இச்சிலைக்கு உழைப்பின் வெற்றி என்று பெயர். ஆனால் பாறை இன்னும் புரளவில்லை! வென்று முடித்துக் கைகளை உயர்த்தி நிற்பதாக அவர் செய்திருக்கலாம். அப்படிச் செய்யாமல், முழு மூச்சும் பிடித்திருக்கும் அந்த நொடியிலேயே நால்வரையும் நிறுத்திவிட்டார். அவர் செய்த காந்தியடிகள் சிலையும் மெரினாவில்தான் உள்ளது. அதுவும் நின்றுவிட்ட காந்தியல்லர். கோலூன்றி நடக்கும் காந்தி.

கடைசியாக அவர் மேற்கொண்டது தண்டி யாத்திரைச் சிற்பம். காந்தியடிகளின் பின்னே பத்துப் பேர் நடந்து செல்கிறார்கள். அது முழுமை பெறுமுன்னே 1975 அக்டோபர் 15-ஆம் நாள் அவர் காலமானார். பிறகு அது முடிக்கப்பட்டுப் புது தில்லியில் வைக்கப்பட்டது. 2016 வரை செல்லுபடியான பழைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருந்தது அந்த உருவங்களே. மீன் விற்று வந்த அந்த நோட்டுகளை எங்கள் வீட்டில் எத்தனையோ முறை எண்ணியிருப்பார்கள். பின்னால் நடந்து போகிறவர்களைச் செய்தவர் யார் என்று அன்று யாரும் கேட்டதில்லை.