சாணச் சூட்டில் குஞ்சு பொரித்த ரியோமூர்: இன்குபேட்டர் வைத்திருப்போர் அறிய வேண்டிய வாழ்க்கை

வீட்டில் சின்ன இன்குபேட்டர் வாங்கி நாட்டுக்கோழி, வாத்து, வான்கோழி, காடை என்று பல முட்டைகளையும் வைத்துப் பார்க்கும் விவசாயிகள் இன்று நிறையப் பேர். சூடு சரியாக இருந்தும் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே செத்துப் போகிறதே என்பதுதான் பலருடைய கவலை. ஏறக்குறைய 275 ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸ் நாட்டில் ஒருவர் இதே கவலையோடு முட்டைகளை உடைத்துப் பார்த்துக் காரணம் தேடினார். அவர் பெயர் ரெனே ஆன்டுவான் டி ரியோமூர்.

இளமையும் படிப்பும்

ரியோமூர் 1683-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி லா ரோஷெல் என்ற துறைமுக ஊரில் பிறந்தார். சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தையை இழந்தார். முதலில் சட்டம் படித்தார். 1703-இல் பாரிசுக்கு வந்த பின் கணக்கிலும் அறிவியலிலும் மனம் போனது. 1708-இல், 25 வயது நிறையும் காலத்தில், பாரிஸ் அறிவியல் கழகத்தில் சேர்ந்தார்.

தொழில் செய்பவர்களின் பட்டறைகளுக்குப் போய், அவர்கள் செய்வதைப் பார்த்து எழுதுவது அவருடைய வேலையாக அமைந்தது. இரும்பிலிருந்து எஃகு செய்வது பற்றி 1722-இல் நூல் எழுதினார். மர நாரைக் கடித்துக் கூழாக்கிக் கூடு கட்டும் குளவியைப் பார்த்து, மரத்திலிருந்தும் காகிதம் செய்யலாம் என்று சொன்னவரும் அவரே. பூச்சிகளைப் பற்றி மட்டும் 6 தொகுதிகள் எழுதினார்.

1730-இல் அவர் ஒரு வெப்பமானி செய்தார். நீர் உறையும் நிலையை 0 என்றும், கொதிக்கும் நிலையை 80 என்றும் வைத்த அளவு அது. ஐரோப்பாவின் பல நாடுகளில் அந்த அளவு நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தது. பின்னாளில் அந்த வெப்பமானியே அவரை முட்டையின் பக்கம் கொண்டு வந்தது.

எகிப்தியரின் கைப்பழக்கம்

எகிப்தில் மிகப் பழங்காலம் தொட்டே மண்ணால் கட்டிய பெரிய அடுப்பறைகளில் ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரிக்கும் வழக்கம் உண்டு. சாணத்தையும் வைக்கோலையும் எரித்துச் சூடு கொடுப்பார்கள். வெப்பமானி கிடையாது. முட்டையை எடுத்துக் கண் இமையில் ஒற்றிப் பார்த்தே சூடு கூடியதா, குறைந்ததா என்று சொல்லிவிடுவார்கள். இந்த வித்தை சில ஊர்க்காரர்களிடம் மட்டும் தந்தையிடமிருந்து மகனுக்கு என்று போய்க்கொண்டிருந்தது.

ரியோமூருக்கு இந்த வித்தையின் மேல் பெரும் மதிப்பு இருந்தது. ஆனால் இமை சொல்வதை இன்னொருவருக்குக் கற்றுக் கொடுப்பது கடினம். வெப்பமானி காட்டும் எண்ணை யாருக்கும் சொல்லலாம். அடைக்கோழியின் அடியில் வெப்பமானியை வைத்து அளந்தார். அவருடைய அளவில் சுமார் 32 டிகிரி வந்தது. இன்றைய செல்சியஸ் கணக்கில் இது 40-க்கு அருகில். கோழியின் உடல் முட்டையைத் தொடும் இடத்தின் சூடு இது.

முட்டைகள் ஏன் செத்தன?

பிரான்ஸ் கிராமத்தாருக்குக் காசில்லாமல் கிடைக்கும் சூடு எது என்று யோசித்தார். புதிய குதிரைச் சாணம் குவிந்தால் தானாகவே சூடேறும். அந்தக் குவியலுக்குள் மரப் பீப்பாயைப் புதைத்து, உள்ளே கூடைகளில் முட்டை அடுக்கினார். வெப்பமானி சரியான எண்ணைக் காட்டியது. கருவும் வளரத் தொடங்கியது. ஆனால் குஞ்சுகள் பாதியிலேயே செத்தன.

உடைத்துப் பார்த்து, மாற்றி மாற்றிச் சோதித்து, குற்றம் சூட்டில் இல்லை என்று கண்டுகொண்டார். சாணத்திலிருந்து எழுந்த நீராவியும் கெட்ட காற்றும் பீப்பாய்க்குள் புகுந்து கருவைக் கொன்றிருந்தன. பீப்பாயின் உட்புறம் சாந்து பூசி ஆவியைத் தடுத்தார். மூடியில் துளைகள் போட்டு, அவற்றை அடைப்பதும் திறப்பதுமாகச் சூட்டையும் காற்றையும் ஒழுங்கு செய்தார். அதன் பிறகு குஞ்சுகள் பொரிந்தன. ரொட்டி சுடும் அடுப்புகளில் வீணாகும் சூட்டையும் இதற்குப் பயன்படுத்தினார்.

பொரித்த குஞ்சுகளை வளர்க்கவும் வழி செய்தார். உட்புறம் ஆட்டுத்தோல் கம்பளி தைத்த சாய்வான பெட்டி அது. குஞ்சுகள் அதற்குள் நுழைந்தால், தாயின் இறக்கைக்குள் இருப்பதுபோல முதுகில் கம்பளி படும். இன்றைய புரூடருக்கு அது முன்னோடி.

எல்லாப் பருவத்திலும், எல்லா வகை வீட்டுப் பறவைகளையும் பொரித்து வளர்க்கும் முறையை 1749-இல் இரண்டு தொகுதி நூலாக வெளியிட்டார். அடுத்த ஆண்டே ஆங்கிலத்திலும் வந்தது. வெப்பமானி வாங்க முடியாதவர்களுக்கும் அதில் வழி சொன்னார். வெண்ணெயும் கொழுப்பும் கலந்து ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் இட்டு முட்டைகளோடு வைக்க வேண்டும். அது பாகுபோல இளகி ஓடினால் சூடு சரி.

சாணச் சூடு ஏறி இறங்கும். இரவும் பகலும் ஆள் காவல் வேண்டும். அந்தச் சிரமம் கடைசி வரை தீரவில்லை. ஆனாலும் அளந்து பார்த்துப் பொரிக்கலாம் என்ற எண்ணத்தை அவருடைய நூல் ஊரெங்கும் கொண்டு சேர்த்தது. 1757-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் தேதி, குதிரையிலிருந்து விழுந்த காயத்தால், 74-ஆம் வயதில் ரியோமூர் இறந்தார்.

நமக்கு என்ன பாடம்?

சூடு மட்டும் போதாது, காற்றும் ஈரப்பதமும் சேர்ந்தால்தான் குஞ்சு என்பதே அவர் கண்டது. இன்றும் அது மாறவில்லை.

சூடு: ஃபேன் உள்ள இன்குபேட்டரில் 37.5 டிகிரி செல்சியஸ் எல்லா வகை முட்டைக்கும் பொருந்தும். பெட்டியின் திரை காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல், முட்டை உயரத்தில் தனியாக ஒரு வெப்பமானி வைத்துச் சரி பாருங்கள். பாதி நாள் கடந்தால் கருவே சூடு தரும் என்பதால் அப்போது கூடுதல் கவனம் வேண்டும்.

காற்று: சூடு வெளியேறுமே என்று காற்றுத் துளைகளை அடைக்காதீர்கள்.

ஈரப்பதம்: கோழி முட்டைக்கு முதல் 18 நாள் 55 முதல் 60 சதவீதம், கடைசி 3 நாள் 65 முதல் 70 சதவீதம். முட்டையைத் தினமும் 3 முதல் 5 முறை திருப்புங்கள். கடைசி 3 நாள் திருப்ப வேண்டாம். அந்த நாட்களில் மூடியை அடிக்கடி திறக்கவும் வேண்டாம்.

நாட்கள்: காடை 17 முதல் 18, கோழி 21, கினிக்கோழி 26 முதல் 28, வான்கோழியும் வாத்தும் 28, மணிலா வாத்து 35.

ஒரே பெட்டியில் பல வகை வைப்பவர்கள், எல்லாம் ஒரே நாளில் பொரியும்படி கணக்கிட்டு வையுங்கள். வாத்து, வான்கோழி முட்டைகளை முதலில் வைத்து, 7 நாள் கழித்துக் கோழி முட்டையும், 11 நாள் கழித்துக் காடை முட்டையும் சேர்த்தால், கடைசி 3 நாள் எல்லாவற்றுக்கும் ஒன்றாக வரும்.

பொரியாத முட்டைகளை அப்படியே குப்பையில் போடாமல் உடைத்துப் பாருங்கள். கரு கூடாத கூமுட்டையா, முதல் வாரத்தில் செத்ததா, ஓடு உடைக்கும் நேரத்தில் செத்ததா என்று நோட்டில் குறியுங்கள். கூமுட்டை அதிகமானால் சேவலையும் முட்டையின் வயதையும் கவனியுங்கள். கடைசியில் செத்திருந்தால் ஈரப்பதத்தையும் காற்றையும் பாருங்கள். அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.